ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 - நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியங்கியலாளரும் ஆவார். சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, அவற்றின் பண்புகளைத் துல்லியமாக அளந்தவர்களுள் முன்னோடி. குறைகடத்திப் பொருளைக் கொண்டு வானொலி அலைகளைக் கண்டறியும் கருவிக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவரும் இவரே. தாவரங்களின் தூண்டல் உணர்வை அளக்கும் நுண்கருவிகளை உருவாக்கியமைக்காகவும் இவர் அறியப்படுகிறார்.

போசின் ஆய்வுகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் இடர் இருந்தது. அளக்க வேண்டிய குறிப்பு மிகவும் மெலிதாகவும், அதைக் குலைக்கும் புறக் கலக்கங்கள் வலிமையாகவும் இருந்தன. தேவையற்ற மின்காந்தக் கலக்கம் ஒரு கருவியின் செயற்பாட்டைக் கெடுப்பது இன்று மின்காந்தக் குறுக்கீடு எனப்படுகிறது. அச்சொல் பரவலாவதற்கு முன்பே அதைக் கட்டுப்படுத்தும் அடிப்படை வழிகளைப் போஸ் தம் கருவிகளில் கையாண்டிருந்தார்.

பிறப்பும் இளமையும்

போஸ் அன்றைய வங்காள மாகாணத்தின் மைமன்சிங் நகரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர் விக்கிரம்பூர்ப் பகுதியிலுள்ள ராரிகால் ஆகும். இவ்விடங்கள் இப்போது வங்காளதேசத்தில் உள்ளன. தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரியாகப் பணியாற்றியவர். பிரம்ம சமாசத்தின் முன்னணி உறுப்பினர். தாயார் பாமா சுந்தரி.

உயர்நிலையில் இருந்த இந்தியக் குடும்பங்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பிய காலத்தில், பகவான் சந்திரர் தம் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பிறமொழியைக் கற்பதற்கு முன் தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. உழவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுடன் அமர்ந்து கற்ற அக்காலமே இயற்கையின் மீது தமக்கு ஈடுபாட்டைத் தந்தது எனப் போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். 1869ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் ஹேர் பள்ளியிலும், பின்னர் புனித சேவியர் பள்ளியிலும் பயின்றார். புனித சேவியர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த யூஜீன் லாஃபோன் அடிகளார் செய்துகாட்டிய சோதனைகள் இவரை இயற்பியலின்பால் ஈர்த்தன. 1879இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

இங்கிலாந்தில் கல்வி

முதலில் மருத்துவம் படிப்பதற்காகவே போஸ் இங்கிலாந்து சென்றார். உடல்நலக் குறைவு காரணமாக அப்படிப்பைத் தொடர இயலவில்லை. பின்னர் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். ராலே பிரபு, மைக்கேல் ஃபாஸ்டர், பிரான்சிஸ் டார்வின் முதலானோர் அங்கு இவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர். 1884இல் கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பட்டங்களையும் பெற்றார். இயற்பியலும் உயிரியலும் சேர்ந்த இக்கல்வி இவருடைய பிற்கால ஆய்வுகளின் போக்கை முடிவு செய்தது எனலாம்.

பிரசிடென்சி கல்லூரிப் பணி

1885இல் தாயகம் திரும்பிய போஸ், கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகத் தற்காலிகப் பணியேற்றார். அக்காலத்தில் இந்தியப் பேராசிரியர்களுக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. இதனை ஏற்க மறுத்த போஸ், மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். குடும்பம் கடன்சுமையில் இருந்த நிலையில் இவர் எடுத்த முடிவு இது. இறுதியில் இவருடைய பணி நிரந்தரமாக்கப்பட்டு, முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது.

1887இல் அபலா தாசை மணந்தார். அபலா, வங்காள அரசின் உதவித்தொகையுடன் 1882இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர். உடல்நலம் குன்றியதால் படிப்பை முடிக்க இயலாமல் திரும்பினார். பிற்காலத்தில் பெண்கல்விக்காகப் பணியாற்றி, 1919இல் நாரி சிக்சா சமிதி என்னும் அமைப்பை நிறுவினார்.

கல்லூரியில் ஆய்வுக்கென முறையான கூடம் எதுவும் இல்லை. குளியலறையை அடுத்திருந்த ஒரு சிறிய அறையில், தகர வேலை தெரிந்த ஒரு தொழிலாளியின் உதவியுடன் தம் கருவிகளைப் போஸ் உருவாக்கினார். வகுப்புகள் முடிந்த பின்னரே ஆய்வுக்கு நேரம் கிடைத்தது.

நுண்ணலை ஆய்வுகள்

மின்காந்த அலைகள் உண்டு என்பதைச் செருமானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் சோதனை மூலம் நிறுவினார். அவர் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றின் விலகலைக் காட்ட அரை டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள நிலக்கீல் முப்பட்டகம் தேவைப்பட்டது. அலைநீளத்தைவிடச் சிறிய ஆடிகளும் முப்பட்டகங்களும் அலையை ஒழுங்காக வழிநடத்த மாட்டா. அலை அவற்றைச் சுற்றிப் பரவிவிடும்.

1894 முதல் இத்துறையில் ஈடுபட்ட போஸ், அலைநீளத்தைக் குறைப்பதே சரியான வழி என்று கண்டார். சிறிய உலோகக் கோளங்களுக்கிடையே மின்பொறியை உண்டாக்கி, ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான அலைகளைப் பெற்றார். 5 மில்லிமீட்டர் அலை, இன்றைய அளவில் 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டதாகும். இதனால் ஒளியியலுக்குரிய சோதனைகள் அனைத்தையும் ஒரு மேசையின் மீதே நிகழ்த்த முடிந்தது. கந்தகத்தாலான வில்லைகள், முப்பட்டகங்கள், அலை நடத்திக் குழாய்கள், கொம்பு வடிவ அலைவாங்கி ஆகியவற்றை இவர் பயன்படுத்தினார். அலையின் அதிர்வுத் தளத்தைத் தெரிந்தெடுக்கும் முனைவாக்கச் சோதனைக்காக, பக்கங்களுக்கிடையே ஈயத்தாள் செருகிய தொடர்வண்டிக் கால அட்டவணைப் புத்தகமும், முறுக்கிய சணல் கற்றைகளும் கூட இவருக்குக் கருவிகளாயின.

1890களின் நடுப்பகுதியில் கொல்கத்தா நகர மண்டபத்தில் நடைபெற்ற செயல்விளக்கத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்தார். 1895 மே மாதத்தில் வங்காள ஆசியச் சங்கத்தில் இவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை படிக்கப்பட்டது. 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் இவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. 1897 சனவரி 29 அன்று இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை இயக்கிக் காட்டி உரையாற்றினார்.

குறுக்கீட்டைக் கட்டுப்படுத்திய முறை

தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்ய அலை வலிமையாக இருந்தாலே போதும். ஆனால் ஒரு படிகத்தின் விலகல் எண்ணை அளக்க வேண்டுமெனில், ஏற்பியை அடையும் அலை படிகத்தின் வழியாக வந்ததுதானா என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பிய அலையோ, கம்பி வழியே கசிந்த அலையோ ஏற்பியைத் தூண்டினால் அளவீடு பொருளற்றதாகிவிடும். எனவே அலையை உண்டாக்குவதைப் போலவே, அது செல்லக்கூடாத இடத்திற்குச் செல்லாமல் தடுப்பதும் போசுக்கு முதன்மையான பணியாயிற்று.

கலக்கத்தின் மூலம், அது செல்லும் வழி, அதற்கு ஆளாகும் கருவி என மூன்று இடங்களில் குறுக்கீட்டைத் தடுக்கலாம் என்பது இன்றைய பொறியியல் பாடம். போசின் ஏற்பாடுகளில் இம்மூன்றையும் காணலாம்.

முதலாவது, மூலத்தைக் கட்டுப்படுத்தல். அக்காலத்து அலைபரப்பிகளில் அதிர்வுத் துண்டிப்பான் மூலம் இடைவிடாது மின்பொறிகள் தோன்றும். இப்பொறிகள் கோளங்களின் பரப்பைச் சொரசொரப்பாக்கி அலையின் ஒழுங்கைக் கெடுத்தன. போஸ் பொறி தோன்றும் பரப்புகளைப் பிளாட்டினத்தால் அமைத்து, விசையை ஒருமுறை அழுத்தி விடும்போது ஒரே ஒரு பொறி மட்டும் தோன்றுமாறு செய்தார். தேவைக்கு மேற்பட்ட கதிர்வீச்சு உண்டாகாமலேயே தவிர்க்கப்பட்டது.

இரண்டாவது, வழியை அடைத்தல். பொறியை உண்டாக்கும் தூண்டு சுருளையும் மின்கலத்தையும் இரட்டைச் சுவர் கொண்ட உலோகப் பெட்டிக்குள் வைத்தார். அலைக்கற்றை வெளியேற ஒரு குழாய் மட்டும் விடப்பட்டது. கடத்தியால் சூழப்பட்ட இடத்திற்குள் புற மின்புலம் நுழையாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836இல் காட்டியிருந்தார். எனினும் சுருளின் மின்னோட்டம் தொடங்கி நிற்கும்போது ஏற்படும் மெதுவான காந்த மாற்றத்தைச் சாதாரண உலோகத் தகடு தடுப்பதில்லை; அது ஏற்பியைக் கலக்கியது. இதற்காகப் பெட்டியின் உட்சுவரைத் தேனிரும்பால் அமைத்தார். தேனிரும்பு காந்த விசைக்கோடுகளைத் தன்னுள் ஈர்த்துக்கொண்டு வெளியே விடாமல் தடுக்கிறது. உயர் அதிர்வெண் அலைக்கு ஒரு தடுப்பு, தாழ் அதிர்வெண் காந்தப்புலத்திற்கு வேறொரு தடுப்பு என்னும் இப்பாகுபாடு இன்றும் தடுப்புறை வடிவமைப்பின் அடிப்படையாக உள்ளது. இப்பெட்டி ஏறத்தாழ 7 அங்குல உயரமும் 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்டது. கையில் எடுத்துச் செல்லத்தக்கது.

மூன்றாவது, ஏற்பியைக் காத்தல். ஏற்பியின் உணர் பரப்பைத் தவிர, அதனுடன் இணைந்த சுற்றின் பிற பகுதிகளையும் போஸ் உலோகத்தால் மறைத்தார். இணைப்புக் கம்பிகள் தாமே அலைவாங்கிகளாகச் செயற்பட்டுத் தேவையற்ற அலைகளை உள்ளே கொண்டுவரும் என்பதை அவர் அறிந்திருந்தார். புனல் வடிவ வாயில், குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் அலையை மட்டுமே உள்ளே விட்டது.

அலையுணர்வி

அன்றைய அலையுணர்விகளில் கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத் தூள் பயன்பட்டது. அலை பட்டதும் தூளின் மின்தடை குறையும். மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக் குழாயைத் தட்ட வேண்டும். இதன் உணர்திறன் சீராக இருப்பதில்லை. வங்காளத்தின் வெப்பமும் ஈரமும் மிக்க காற்றில் உலோகப் பரப்புகள் விரைவில் துருவேறி நிலைமை மேலும் மோசமாயிற்று.

போஸ் தூளுக்கு மாற்றாக, எஃகுச் சுருள்விற்களை ஒன்றையொன்று தொடுமாறு ஒரு பள்ளத்தில் வரிசையாக அடுக்கினார். துருவைத் தவிர்க்க அவற்றின் மீது கோபால்ட் முலாம் பூசினார். திருகின் மூலம் அழுத்தத்தையும், மின்கலத்தின் மூலம் மின்னழுத்தத்தையும் வேண்டிய அளவில் அமைத்து, ஏற்பியின் உணர்திறனைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வழி கண்டார். உணர்திறன் மிகுதியானால் கலக்கங்களுக்கும், குறைந்தால் குறிப்பிற்கும் ஏற்பி தவறான விடை தரும் என்பதே இதன் காரணம்.

1899இல் இரும்பு, பாதரசம், தொலைபேசி ஒலிவாங்கு கருவி ஆகியவற்றைக் கொண்ட அலையுணர்வியைப் பற்றி அரச கழகத்திற்குக் கட்டுரை அளித்தார். மேலும், ஈயச் சல்பைடு கனிமமான கலீனா படிகத்தை அலையுணர்வியாகப் பயன்படுத்தினார். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1904 மார்ச் 29 அன்று வழங்கப்பட்டது. மின் கலக்கங்களைக் கண்டறியும் கருவி என்பதே அக்காப்புரிமையின் தலைப்பின் பொருளாகும்.

காப்புரிமையும் மார்க்கோனியும்

கண்டுபிடிப்புகளைப் பணமாக்குவதில் போசுக்கு விருப்பமில்லை. 1901இல் இலண்டனில் ஒரு தந்தி நிறுவன உரிமையாளர் காப்புரிமை பெற்று இலாபத்தில் பங்குபெற அழைத்தபோது மறுத்துவிட்டதாகத் தம் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்கு எழுதினார். சகோதரி நிவேதிதா, சாரா புல் அம்மையார் ஆகியோர் வற்புறுத்தியதாலேயே கலீனா அலையுணர்விக்கு விண்ணப்பித்தார். காப்புரிமை கிடைத்த பின்னரும் அதனால் பொருளீட்டவில்லை.

1901 திசம்பர் 12 அன்று அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த வானொலிக் குறிப்பைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அப்போது பயன்பட்ட பாதரச அலையுணர்வி இத்தாலியக் கடற்படை வழியாக அவருக்குக் கிடைத்தது. போஸ் 1899இல் விவரித்த கருவியுடன் அது நெருங்கிய ஒற்றுமை கொண்டது என அறிவியல் வரலாற்று ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். மார்க்கோனி கேட்டது குறிப்பா, வளிமண்டல மின்கலக்கத்தின் ஒலியா என்னும் ஐயமும் நீண்டகாலம் தொடர்ந்தது. காதால் மட்டுமே கேட்கப்பட்டதால் அதைச் சரிபார்க்க வழியில்லாமற் போயிற்று. குறுக்கீட்டிலிருந்து குறிப்பைப் பிரித்தறிவதன் இன்றியமையாமைக்கு இந்நிகழ்வும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

தாவர ஆய்வுகளும் 1920 சோதனையும்

தொடர்ந்து அலைகள் பட்டால் அலையுணர்வியின் உணர்திறன் குறைவதையும், ஓய்வுக்குப் பின் மீள்வதையும் போஸ் கவனித்தார். பிறர் இதைக் கருவியின் குறையாக ஒதுக்கியிருக்கக்கூடும். போஸ் அதைத் தசையின் களைப்புடன் ஒப்பிட்டு ஆராயத் தொடங்கினார். 1900இல் பாரிசில் நடைபெற்ற பன்னாட்டு இயற்பியல் மாநாட்டில் இக்கருத்தை முன்வைத்தார். 1902இல் உயிருள்ளவை, உயிரற்றவை ஆகியவற்றின் தூண்டல் விளைவுகள் பற்றிய நூலை வெளியிட்டார். அதன்பின் இவருடைய ஆய்வு தாவரங்களின்பால் திரும்பியது.

தாவர வளர்ச்சியை அளக்க இவர் அமைத்த கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவி, நுண்ணிய அசைவைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டியது. காந்த ஊசியைப் பயன்படுத்திய பிற்கால வடிவம் ஒரு கோடி மடங்கு வரை பெருக்கியது. இத்தகைய பெருக்கத்தில் கட்டிடத்தின் அதிர்வு, வெப்ப மாற்றம், சுற்றுப்புறக் காந்தக் கலக்கம் ஆகியவையும் வளர்ச்சி போலத் தோன்றக்கூடும். கருவி காட்டுவது உண்மையான வளர்ச்சியா என இலண்டனில் ஐயம் எழுப்பப்பட்டது. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அறிவியலாளர்கள் முன்னிலையில் போஸ் தம் கருவியை இயக்கிக் காட்டினார். ராலே பிரபு, வில்லியம் பிராக் உள்ளிட்டோர் கருவி வளர்ச்சியைச் சரியாகவே பதிவு செய்வதாக உறுதிப்படுத்தினர். அதே ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போசின் தாவரவியல் முடிவுகள் அனைத்தும் நிலைபெறவில்லை. தாவரங்களில் மின் துடிப்புகள் மூலம் செய்தி கடத்தப்படுகிறது என்பது இன்று ஏற்கப்பட்டுள்ளது. உயிரணுக்களின் துடிப்பால் சாறு மேலேறுகிறது என்னும் இவருடைய விளக்கம் ஏற்கப்படவில்லை. நீர் மூலக்கூறுகளின் ஒட்டுறவும் இலைகளின் நீராவிப்போக்கும் அதற்குக் காரணம் என்பதே இன்றைய கருத்து. கருவி சரியாக அளந்தாலும், அளவுக்குத் தரப்படும் விளக்கம் தனியே சோதிக்கப்பட வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

போஸ் ஆய்வகமும் இறுதிக்காலமும்

1915இல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற போஸ், 1917 நவம்பர் 30 அன்று கொல்கத்தாவில் போஸ் ஆய்வகத்தை நிறுவினார். சத்தியேந்திர நாத் போஸ், மேகநாத் சாகா, வங்காளத்தில் வானொலி ஆய்வை வளர்த்த சிசிர் குமார் மித்ரா ஆகியோர் இவருடைய மாணவர்கள். 1937 நவம்பர் 23 அன்று, இப்போது சார்க்கண்டு மாநிலத்திலுள்ள கிரீடி நகரில் காலமானார்.

இன்றைய குறுக்கீட்டு மேலாண்மை

போஸ் ஆய்வுக்கூட அளவீட்டைக் காக்கவே தடுப்புறைகளை அமைத்தார். இன்று அதே கொள்கைகள் உயிர்களையும் காக்கின்றன. இதயமுடுக்கி, வானூர்தியின் உயரமானி, தொடர்வண்டிச் சைகை ஆகிய இன்றியமையாத மின்னணு அமைப்புகளில் ஏற்படும் குறுக்கீடு பேரிடருக்கு வழிவகுக்கும். வானொலிக் குறுக்கீடு பற்றிய பன்னாட்டுச் சிறப்புக் குழு 1934 முதல் இயங்கி வருகிறது. இந்தியாவில் இவ்வகைச் சோதனைகளை நடத்தும் இடங்களுள் ஒன்று, சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் ஆகும். அலைகளை உறிஞ்சும் பொருட்கள் பதித்த உலோக அறைகளில், ஒரு கருவி எவ்வளவு கலக்கத்தை வெளியிடுகிறது, எவ்வளவு கலக்கத்தைத் தாங்குகிறது என்னும் இரண்டும் இத்துறையில் அளக்கப்படுகின்றன.

தடுப்புறையை அமைப்பதுடன் பணி முடிவதில்லை. உலோகப் பெட்டியின் மூடியும் உடலும் சேரும் இடத்தில் துருவேறினால் அங்கு மின்தொடர்பு அறுந்து, இடைவெளி வழியே அலை கசியும். பெருமுக்கல் குன்றுக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளங்கள் பரந்துள்ள கரை போன்ற உப்புக்காற்று வீசும் இடங்களில் இவ்விடர் மிகுதி. அங்கு நிறுவப்படும் கருவிகளின் இணைப்புகளுக்குத் தகுந்த முலாமும், காலமுறைப் பரிசோதனையும் தேவை. ஈரக்காற்றில் தம் சுருள்விற்களுக்குக் கோபால்ட் பூசிய போஸ் எதிர்கொண்டதும் இதனை ஒத்த சிக்கலே.

போஸ் கையாண்ட மில்லிமீட்டர் அலைகள் இன்று செல்பேசித் தொடர்பிற்கும் பயன்படுகின்றன. வளிமண்டல நீராவியை வானிலைச் செயற்கைக்கோள்கள் 23.8 கிகாஹெர்ட்ஸ் அருகே அளக்கின்றன. அதை அடுத்த அலைவரிசையில் இயங்கும் 5ஜி கருவிகளின் கசிவு இவ்வளவீட்டைக் கெடுக்கலாம் என்பதால், 2019ஆம் ஆண்டின் உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் கசிவுக்கு வரம்புகள் வகுக்கப்பட்டன. 2022 சனவரியில் அமெரிக்காவில் 5ஜி சேவை தொடங்கியபோது, வானூர்தி உயரமானிகள் பாதிக்கப்படலாம் என்னும் அச்சத்தால் வானூர்தி நிலையங்களுக்கு அருகே சேவை கட்டுப்படுத்தப்பட்டது.

சிறப்புகள்

பிரித்தானிய அரசு 1917இல் போசுக்குச் சர் பட்டம் வழங்கியது. நிலவிலுள்ள ஒரு கிண்ணக்குழிக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஹவுராவிலுள்ள இந்தியத் தாவரவியல் பூங்கா 2009இல் இவர் பெயரைப் பெற்றது. இவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு நிறுவனமான ஐஇஇஇ 2012இல் தன் மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்தது. இவர் பயன்படுத்திய கருவிகள் பல கொல்கத்தா போஸ் ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.